அக்ரிங்டன், 1914: போர்ச் செய்தி ஒரு சிறு நகரத்துக்கு வந்தபோது

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்ட் என்றதும் நம் கண்ணுக்கு வருவது சில கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். பெர்லின், பாரிஸ், லண்டன் வீதிகளில் தொப்பியைக் கழற்றி ஆட்டும் கூட்டம். துப்பாக்கி முனையில் செருகிய பூ. ரயில் பெட்டியில் சாக்பீஸால் எழுதிய சவால்கள். இவற்றைப் பார்த்துப் பார்த்தே, ஐரோப்பா முழுக்க மக்கள் சந்தோஷமாகப் போருக்குக் கிளம்பினார்கள் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிவிட்டது.

படம் எடுத்தவர்கள் நின்றது பெரிய நகரங்களின் சதுக்கங்களில். தெருவுக்கு வந்தவர்களைத்தான் அவர்களால் எடுக்க முடிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து, அடுத்த வாரச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் எடுக்கவில்லை. சிறு ஊர்களுக்குக் கேமராவே அதிகம் போகவில்லை. இங்கிலாந்தின் அக்ரிங்டன் போன்ற அந்த ஊர்களில் நடந்தது வேறு கதை. முதலில் திகைப்பு வந்தது. அடுத்து பிழைப்பைப் பற்றிய பயம் வந்தது. பட்டாளத்தில் சேரும் அலை அதற்கெல்லாம் பிறகு, சில வாரங்கள் கழித்துத்தான் எழுந்தது. இந்த வரிசையை விட்டுவிட்டால், அந்த மனிதர்கள் ஏன் போனார்கள் என்பது கடைசிவரை புரியாது.

பிரான்சின் கிராமங்களில் செய்தி மணியோசையாக வந்தது. ஆகஸ்ட் 1, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியைத் தாண்டி தேவாலய மணிகள் விடாமல் அடிக்கத் தொடங்கின. அறுவடைக் காலம். ஆட்கள் வயலில் இருந்தார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் பல பேர் நினைத்தார்கள். ஓடிவந்து பார்த்தால் ஊர்மன்றத்துச் சுவரில் படைதிரட்டல் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ராணுவச் சேவையை முடித்த ஒவ்வொருவனிடமும், அழைப்பு வந்தால் எந்த நாளில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் சிறு புத்தகம் ஏற்கெனவே இருந்தது. வீட்டுக்குப் போய் அதைத் தேடி எடுத்தார்கள்.

அந்த நேரத்து மனநிலையை நாம் ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது என்றால், அதற்குக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களைத்தான் வணங்க வேண்டும். ஊரில் நடப்பதைக் குறித்துவைக்கும்படி அந்த செப்டம்பரிலேயே பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டது. அறுபது ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் ழான்-ழாக் பெக்கர் அந்தக் குறிப்பேடுகளை எடுத்து, மக்கள் நடந்துகொண்ட விதத்தை விவரிக்க ஆசிரியர்கள் எந்தெந்தச் சொற்களைப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பார்த்தார். தென்மேற்கில் உள்ள ஷராந்த் மாவட்டத்தில், அறிவிப்பு வந்த நேரத்தைப் பற்றிய சொற்களில் 57 சதவீதம் அதிர்ச்சி, கண்ணீர், துக்கம் என்ற வகையைச் சேர்ந்தவை. 20 சதவீதம் அமைதியையும் நிதானத்தையும் காட்டின. தேசப்பற்று பொங்கியது என்று சொல்லத்தக்கவை 23 சதவீதம் மட்டுமே. அடுத்த சில நாட்களில், ஆட்கள் ரயிலேறும் நேரத்தில், மனநிலை மாறியது. போய்த்தான் ஆக வேண்டும், நாடு தாக்கப்படுகிறது என்ற உறுதி வந்தது. உறுதி வேறு, உற்சாகம் வேறு. நிலையத்தில் பாடியவர்களும் முந்தின நாள் வீட்டில் அழுதவர்கள்தான்.

வயலில் கதிர் நின்றது, ஆளும் குதிரையும் போய்விட்டன. பிரதமர் வீவியானி பிரெஞ்சுப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து, அறுவடையை நீங்கள் முடியுங்கள் என்று கேட்டார். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் அதை முடித்தார்கள். பிரான்சின் பெரும்பாலான ஊர்களில் போருக்கு முதல் பதில் அதுதான்.

ஜெர்மனியின் சிறு ஊர்களில் பயம் வேறு வடிவம் எடுத்தது. பிரெஞ்சுத் தங்கத்தை ஏற்றிக்கொண்டு கார்கள் ஜெர்மனி வழியாக ரஷ்யாவுக்குப் போகின்றன என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு வதந்தி பரவியது. அதிகாரிகளே அதை நம்பி எச்சரிக்கை விட்டதால் ஊர்க்காரர்கள் சாலையில் வண்டிகளையும் மரங்களையும் குறுக்கே போட்டு, வேட்டைத் துப்பாக்கிகளோடு காவல் நின்றார்கள். தங்கக் கார் ஒன்றுகூட வரவில்லை. வந்தவை தங்கள் நாட்டவரின் கார்கள். நிறுத்தாமல் போன சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். பிரிட்டனிலும் ஒற்றர் பயம் இதே போலப் பரவியது. பல ஆண்டுகள் ஒரே தெருவில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஜெர்மானியக் குடும்பம் திடீரென்று அந்நியமாகிவிட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதியே அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அவர்கள் காவல் நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் இது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை அப்போது இல்லை. ஆகஸ்ட் 4 இரவு 11 மணிக்குப் போர் தொடங்கியபோது சாதாரண ஆளுக்கு எந்த உத்தரவும் வரவில்லை. அவனைத் தொட்டது முதலில் பணம். ஆகஸ்ட் 3 வங்கி விடுமுறை நாள். அந்த விடுமுறையை அரசு 6ஆம் தேதி வரை நீட்டியது. மக்கள் பவுன் நாணயங்களை எடுத்துப் பதுக்கிவிடுவார்கள் என்ற பயம் அரசுக்கு இருந்தது. 7ஆம் தேதி வங்கிகள் திறந்தபோது ஒரு பவுன் மதிப்புள்ள காகித நோட்டு வந்திருந்தது. அதுவரை இங்கிலாந்து வங்கியின் மிகச் சிறிய நோட்டே ஐந்து பவுன். தொழிலாளியின் கைக்கு அது வருவதே இல்லை. தங்கத்துக்குப் பதிலாக அவசரமாக அச்சடித்த ஒரு காகிதம் முதன்முறையாக அவன் கையில் வந்தது. போர் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நேரடியான அடையாளம் வேண்டுமா?

அப்புறம் சர்க்கரை. பிரிட்டன் தின்ற சர்க்கரையில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாடுகளும் எட்டே நாளில் எதிரிகளாகிவிட்டன. விலை ஏறியது, வசதியுள்ளவர்கள் மூட்டையாக வாங்கிப்போனார்கள், அன்றாடம் வாங்கிச் சமைப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே மாதத்தில் அரசு சர்க்கரைக்கென்றே ஓர் ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. குதிரைகளையும் எடுத்துப்போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ராணுவம் வாங்கியது. பால் வண்டி, நிலக்கரி வண்டி, ஏர் எல்லாவற்றிலிருந்தும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். விலை கொடுத்தார்கள், ஆனால் விற்க மாட்டேன் என்று சொல்ல உரிமையாளருக்கு வழியில்லை.

சரி, அக்ரிங்டனுக்கு வருவோம்.

மான்செஸ்டருக்கு வடக்கே, லங்காஷயர் மலையடிவாரத்தில் இருக்கும் பருத்தி நகரம் அது. 1914இல் மக்கள்தொகை சுமார் 45,000. செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டினாற்போல. நூற்பாலைகள், விசைத்தறிக் கூடங்கள், அவற்றுக்கு இயந்திரம் செய்து தரும் ஹோவர்ட் அண்ட் புல்லோ என்ற பெரிய தொழிற்சாலை. இந்த ஊரின் வயிறு கடலை நம்பி இருந்தது. பஞ்சு அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். நெய்த துணி உலகம் முழுக்கப் போக வேண்டும். 1913இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கியது இந்தியா. நம் முன்னோர்கள் உடுத்திய மில் துணியில் கொஞ்சமாவது இந்தத் தெருக்காரர்கள் நெய்ததாக இருந்திருக்கும்.

போருக்கு முன்பே பருத்தித் தொழில் மந்தமாகியிருந்தது. ஜூலையில் ஹோவர்ட் அண்ட் புல்லோ தொழிற்சாலையில் கூலித் தகராறு முற்றி, நிர்வாகம் கதவடைப்பு செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையின்றி வெளியே நின்றார்கள். அந்த நிலையில்தான் போர் வந்தது. கப்பல்கள் நின்றன, பஞ்சுச் சந்தை மூடியது, ஆர்டர்கள் ரத்தாயின. தறிகள் பாதி நேரம் ஓடின, சில கூடங்கள் ஓடவே இல்லை. லங்காஷயரில் தறி ஓட்டியவர்களில் பெண்கள் ஏராளம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கணவன் ஒரு பக்கம் கதவடைப்பில், மனைவி இன்னொரு பக்கம் நின்றுபோன தறியருகில். ஒரே வீட்டில் இரண்டு கூலியும் நின்றன. ஆகஸ்ட் மாத அக்ரிங்டனை இந்த நிலையில் வைத்துப் பார்த்தால்தான் செப்டம்பர் மாத அக்ரிங்டன் புரியும்.

நாடு முழுவதும் ஆள்சேர்ப்பு நடந்த வேகத்தையும் இங்கே பார்க்க வேண்டும். கிட்சனர் போர் அமைச்சரானது ஆகஸ்ட் 5. ஒரு லட்சம் பேர் தேவை என்ற அழைப்பு 7ஆம் தேதி பத்திரிகைகளில் வந்தது. கூட்டம் வந்தது, ஆனால் பெருவெள்ளம் அல்ல. ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸில் பிரிட்டிஷ் படை மோதிப் பின்வாங்கியது. லூவெய்ன் நகரமும் அதன் பழைய நூலகமும் எரிக்கப்பட்ட செய்தி வந்தது. 30ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வாங்கும் படையின் நிலையைக் கலங்கடிக்கும் விதத்தில் விவரித்த செய்தி லண்டன் பத்திரிகையில் வெளியானது. அதற்குப் பிறகுதான் வெள்ளம். ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 5 வரையிலான ஒரே வாரத்தில் சுமார் 1,75,000 பேர் சேர்ந்தார்கள். செப்டம்பர் 3 அன்று மட்டும் 33,204 பேர்.

வெற்றிக் களிப்பில் சேர்ந்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூட்டம் அலைமோதியது தோல்விச் செய்தி வந்த வாரத்தில். எதிரி கடலின் அந்தக் கரைக்கு வந்துவிடுவான், இனி சும்மா இருக்க முடியாது என்ற உணர்வுதான் அவர்களை வரிசையில் நிறுத்தியது. அதை வெறும் பிரசார மயக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெல்ஜிய அகதிகளை அவர்கள் நேரில் பார்த்தார்கள். போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு வந்த பெல்ஜியர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஃபோக்ஸ்டன் என்ற சிறு துறைமுக நகரில் அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் சுமார் 16,000 பேர் கரையிறங்கினார்கள். வீட்டைத் திறந்துவிட்டும் கஞ்சி காய்ச்சி ஊற்றியும் அந்த ஊர் அவர்களைத் தாங்கியது. அதே ஃபோக்ஸ்டனில்தான் ஆகஸ்ட் 30 அன்று ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் முப்பது பெண்களைத் திரட்டி, சீருடையில்லாத இளைஞர்களின் கையில் கோழைத்தனத்தின் சின்னமாக வெள்ளை இறகைக் கொடுக்க வைத்தார். அகதிக்கு இரங்கியதும் உள்ளூர்ப் பையனை அவமானப்படுத்தியதும் ஏழே வாரத்துக்குள் ஒரே ஊரில் நடந்தன.

ஆட்களை இன்னும் வேகமாகச் சேர்க்க ஒரு யோசனை பிறந்தது. தெரியாதவர்களோடு போகத் தயங்குகிறவன், கூட வேலை செய்பவனோடும் கூடப் பந்தாடியவனோடும் சேர்ந்து போவான் அல்லவா? ஆகஸ்ட் இறுதியில் லிவர்பூலில் டெர்பி பிரபு இதைச் சொல்லி அழைத்தபோது, அந்தப் படைக்கு அவர் வைத்த பெயர் 'பால்ஸ்'. நம் பேச்சில் சொன்னால் கூட்டாளிகள். சேர்ந்தே கையெழுத்திடுங்கள், கடைசிவரை சேர்ந்தே இருப்பீர்கள் என்பது வாக்குறுதி. லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற பெருநகரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட படைகளைத் திரட்டின.

அக்ரிங்டன் மேயர் ஜான் ஹார்வுட் எங்கள் ஊரும் ஒரு படை தரும் என்று போர் அலுவலகத்துக்குச் சொன்னார். செப்டம்பர் தொடக்கத்தில் அனுமதி வந்தது. இப்படி முழுப் படையொன்றைத் திரட்டிய ஊர்களில் மிகச் சிறியது அக்ரிங்டன் என்பார்கள். ஒரு முழுப் படை என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். அந்த ஊர் தனியாகக் கொடுக்கக்கூடிய எண்ணிக்கை அல்ல. பக்கத்து ஊர்களான சோர்லி, பர்ன்லி, இன்னும் சுற்றுவட்டாரம் எல்லாம் சேர்ந்தன. செப்டம்பர் 14 அன்று ஆள்சேர்ப்பு தொடங்கியது. பத்தே நாளில் படை நிரம்பிவிட்டது. கிழக்கு லங்காஷயர் ரெஜிமென்டின் 11ஆம் படைப்பிரிவு என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ஊருக்கு அது அக்ரிங்டன் பால்ஸ்.

பத்து நாளில் ஆயிரம் பேர். ஏன்? ஒற்றைப் பதில் தேடுவது இங்கே தவறு. வேலையில்லை என்பது நிச்சயமாகப் பெரிய காரணம். சிப்பாய்க்கு நாளுக்கு ஒரு ஷில்லிங். அக்டோபர் முதல் குழந்தையில்லாத மனைவிக்கே, கணவனைப் பிரிந்திருப்பதற்கான உதவித்தொகையாக வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்தது. ஆலை ஓடுகிற காலத்தில் இது பெரிய தொகையல்ல. கதவடைப்பில் இரண்டு மாதம் நின்ற வீட்டுக்கு அதுதான் வாடகை, அதுதான் ரொட்டி. ஆனால் பசி மட்டும்தான் காரணம் என்றால், வேலை இருந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஏன் வரிசையில் நின்றார்கள்? இதில் ஊரின் அளவுக்கே ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பெருநகரத்தில் ஒருவன் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அண்டை வீட்டுக்குத் தெரியாது. அக்ரிங்டனில் காலையில் தறிக்கூடத்தில் உன் பக்கத்தில் நின்றவன் மாலையில் கையெழுத்திட்டுவிட்டான் என்றால், ஞாயிறன்று தேவாலயத்தில் அவன் அம்மா உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நீ போகவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். கூட்டாளி தரும் தைரியமும் ஊர் தரும் நெருக்கடியும் அங்கே ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக இருந்தன. இழுக்கப்பட்டவனுக்கே எது எது என்று தெரிந்திருக்காது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஆகஸ்ட் 2 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கீர் ஹார்டி போன்ற தொழிலாளர் தலைவர்கள் போருக்கு எதிராகப் பேசினார்கள், பெருங்கூட்டம் கேட்டது. போர் அறிவித்த பிறகு அந்தக் குரல் தாழ்ந்துவிட்டது. சிறு ஊரில் அதைச் சொல்லப் பெருநகரத்தைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

சேர்ந்தவர்கள் உடனே போர்முனைக்குப் போகவில்லை. முகாம் இல்லை, சீருடை போதவில்லை, துப்பாக்கி இல்லை. ஆகவே மாதக்கணக்கில் தங்கள் வீட்டிலேயே தூங்கி, தங்கள் ஊர் மைதானத்தில் பயிற்சி செய்தார்கள். காலையில் பிள்ளைகள் வாசலில் நின்று அப்பா நடைபழகுவதைப் பார்த்தார்கள். 1915 பிப்ரவரியில்தான் வேல்ஸில் உள்ள கார்னர்வனுக்குப் புறப்பட்டார்கள். அன்று தெருக்களில் கூடிய ஊரை நாம் உற்சாகக் கூட்டம் என்று சொல்லலாம்தான். ஆனால் அது ஐந்து மாதம் தினமும் பார்த்துப் பழகிய முகங்களை வழியனுப்பிய கூட்டம். ஆகஸ்ட் படங்களில் இருக்கும் கூட்டத்தோடு இதைச் சேர்த்துவைக்கக் கூடாது.

ஆண்டு இறுதியில் எகிப்து. 1916 தொடக்கத்தில் பிரான்ஸ். ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், அவர்களுக்குக் கொடுத்த இலக்கு செர் என்ற சிறு கிராமம். ஒரு வாரம் பீரங்கியால் அடித்தும் ஜெர்மானியரின் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கிகளும் பெருமளவு அப்படியே இருந்தன. காலை 7.20 அளவில் அலை அலையாக ஏறினார்கள். அன்று தாக்குதலில் இறங்கிய அக்ரிங்டன் படையினர் சுமார் 720 பேர். அதில் 584 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 230க்கு மேல். பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே. அன்று பிரிட்டிஷ் படை முழுவதும் இழந்தது 57,470 பேர், அதில் 19,240 பேர் இறந்தவர்கள். அந்தப் பெரிய எண் நாட்டுக்கு. 720இல் 584 என்பது சில தெருக்களுக்கு.

பத்திரிகைகளில் முதலில் வந்தது முன்னேற்றச் செய்தி. அப்புறம் காயம்பட்டவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்றில் பக்கத்து வீட்டுப் பையன் பெயர், இன்னொன்றில் எதிர்வீட்டுக்காரன் பெயர். அதிகாரப்பூர்வமாக யாரும் வாய் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் மக்கள் மேயர் வீட்டின் முன் திரண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். 1914 செப்டம்பரில் ஊரைத் திரட்டியவர் அவர்தான். கேட்பதற்கு வேறு யாரிடம் போவார்கள்? அவரிடமும் முழுப் பதில் இருக்கவில்லை. வாரப் பத்திரிகை அடுத்தடுத்த இதழ்களில் முகங்களை அச்சிட்டது. துக்க வீட்டில் சன்னல் திரையை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். அந்த ஜூலையில் அக்ரிங்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் திரை இறங்காத தெருவைப் பார்ப்பது அரிதாயிற்று.

பிரிட்டனில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கட்டாயச் சேவைச் சட்டம் வந்திருந்தது. சோமுக்குப் பிறகு, குறைந்த ஆட்களை நிரப்ப எந்த ஊர்க்காரன் கிடைத்தாலும் எந்தப் படைக்கும் அனுப்பினார்கள். அக்ரிங்டன் படை போர் முடியும்வரை அதே எண்ணோடு, அதே பெயரோடு போரிட்டது. புதிதாக வந்து சேர்ந்தவர்களில் பலர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.